ஓட முடியாத பிராணிக்கு யார் பொறுப்பு?



ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வேறு முகம் வந்துவிடுகிறது. பூக்கண்காட்சி, மோட்டார் ஓட்டம், குதிரைப் பந்தயம் என்று ஊர் நிரம்பும். கொழும்பிலிருந்து வரும் வாகனங்களால் ஹட்டன், தலவாக்கலைப் பாதை நெரியும். கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்து மக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிரகரி வாவிக் கரைக்கு வருவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

ஹட்டன் பக்கத்துக் கடைவீதியொன்றில் குடியிருக்கும் ஒரு சகோதரி இதையொட்டி மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். மகள் குதிரைப் பந்தயம் பார்க்க ஆசைப்படுகிறாள், கூட்டிப் போகலாமா என்பது ஒன்று. மூத்த மகன் கைபேசியில் இங்கிலாந்து நாய் ஓட்டத்துக்குப் பணம் கட்டுகிறான், கண்டித்தால், “குதிரை ஓட்டம் சுன்னத்துத்தானே உம்மா, இதில் மட்டும் என்ன வந்தது?” என்று திருப்பிக் கேட்கிறான். இது இரண்டாவது. மூன்றாவதை ஒரே வரியில் எழுதியிருக்கிறார்: கடைப் படியில் ஒரு கிழட்டு நாய் வந்து படுக்கிறது, அதற்குச் சோறு வைத்தால் குற்றமாகுமா?

மகன் சொல்வதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தினார்கள். இது புகாரி ஷரீபில் வரும் செய்தி. பயிற்சி கொடுத்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும். முதலாவது ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் குதிரை ஓட்டியவர்களில் ஒருவர். இந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதும்போது மாணவர்கள் ஓட்டத்தைத்தான் கவனிப்பார்கள். நான் அவர்களை அந்தத் தூரத்தைக் கவனிக்கச் சொல்வேன். பயிற்சியில்லாத பிராணிக்குத் தூரத்தைக் குறைத்திருக்கிறார்கள். தாங்கக்கூடிய அளவு இவ்வளவுதான் என்று பார்த்து, அதற்கேற்ப எல்லை வகுத்த போட்டி அது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்களே ஓடியிருக்கிறார்கள். ஒரு பயணத்தில் அன்னையவர்கள் முந்தினார்கள். காலம் சென்று, உடல் பருத்தபின் இன்னொரு பயணத்தில் மறுபடி ஓடியபோது நபியவர்கள் முந்திவிட்டு, அன்றைக்கு இது சரியாயிற்று என்று சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. கணவன் மனைவிக்கிடையே இப்படியொரு விளையாட்டு இருந்ததை நம் ஆண்கள் ஜும்ஆ மேடையில் அதிகம் சொல்வதில்லை. அது வேறு கதை.

ஆகவே ஓட்டம் பாவமல்ல. பாவம் எங்கே நுழைகிறது? இரண்டு இடத்தில். பணத்தில் ஒன்று, பிராணியில் மற்றொன்று.

பணத்தின் விஷயம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பதை வீட்டுப் பெண்கள் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. பரிசு வைத்து நடத்தும் போட்டிக்கு ஹதீஸில் அனுமதி பெற்றவை மூன்று: ஒட்டகம், குதிரை, அம்பு. அன்றைக்கு ஊரைக் காக்கப் பயன்பட்டவை இவைதான். ஷாபிஈ மத்ஹபின்படி பரிசை மூன்றாமவர் ஒருவர் கொடுக்கலாம், ஆட்சியாளர் கொடுக்கலாம், போட்டியாளர்களில் ஒருவர் மட்டும் தன் பணத்தை வைத்து, “நீ முந்தினால் எடுத்துக்கொள்” என்று சொல்லலாம். இருவரும் தலா ஆயிரம் ரூபாய் வைத்து, வென்றவர் இரண்டாயிரத்தையும் எடுப்பது என்று பேசிக்கொண்டால் அது சூதாகிவிடும். ஓடுகிறவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஓடாமல் கதிரையில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குதிரை முந்தும் என்று பணம் கட்டுகிறவரின் நிலை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒரே மூச்சில் சொல்லி விலக்கியிருப்பது இதைத்தான். நாய் ஓட்டத்துக்கு அந்த மூன்றில் இடமே கிடையாது. மகன் குதிரையைக் காட்டி நாய்க்குப் பணம் கட்டுகிறான். அந்தப் பாலம் நடுவில் உடைந்தது.

இந்த மலைநாட்டில் சூதின் விலை என்னவென்று யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அந்த ஆயிரம், புக்கியில் ஒரு துண்டுக் காகிதமாக மாற ஒரு நிமிடம் போதும். முன்பு புக்கிக்கு நடந்து போகவேண்டியிருந்தது, நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சமாவது இருந்தது. இப்போது போர்வைக்குள் படுத்தபடியே கட்டலாம். சில நிமிடங்களுக்கு ஒரு ஓட்டம், அரை நிமிடத்தில் முடிவு. தோற்றவன் யோசிப்பதற்குள் அடுத்த ஓட்டத்துக்கு நாய்கள் தயாராக நிற்கும். தாய்மாரே, பிள்ளையின் கைபேசியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வெட்கப்படவேண்டாம்.

இனி பிராணியின் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சூது ஹராம் என்று சொன்னதும் பிரச்சினை முடிந்துவிட்டது போல எழுந்து போய்விடுகிறோம். சூதே இல்லாவிட்டாலும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: வேகம் ஒன்றுக்காகவே பிறக்கவைத்து வளர்த்த பிராணி, வேகம் போனபின் எங்கே போகிறது?

நுவரெலியாவுக்கு இந்தப் பழக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. 1848இல் ஸாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே ஒரு விவசாயக் குடியேற்றம் அமைக்க வந்தார். பண்ணை ஒருபுறமிருக்க, அவருடைய பெயர் நிலைத்தது வேட்டையால்தான். வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு இந்த மலைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரைகளைத் துரத்தினார். அதைப் பெருமையோடு புத்தகமாகவும் எழுதினார். சிறுத்தையிடம் சிக்கிய நாய்களையும், காட்டுப் பன்றியின் கொம்பில் கிழிபட்ட நாய்களையும் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், பொழுதுபோக்குக்கு எத்தனை உயிர் செலவாகியிருக்கிறது என்பது தெரியும். பிறகு 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் வாவி, அதையொட்டி 1870களில் பந்தயத் திடல். வெயில் தாங்காத துரைமார் ஏப்ரலில் மலையேறி வந்து உல்லாசமாயிருந்த வழக்கம், துரைமார் போனபின்னும் போகவில்லை. ஆளுநர் கிண்ணம், இராணிக் கிண்ணம் என்ற பெயர்கள்கூட அப்படியே இருக்கின்றன.

ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவை. ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டிய உடலைச் சுள்ளி போன்ற கால்களில் தாங்கிக்கொண்டு ஓடும் சாதி இது. வேகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததில் எலும்பு மெலிந்துபோனது. காலொன்று முறிந்தால் அநேகமாக ஊசியால் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் மூன்று காலில் நிற்க அதனால் முடியாது. முறியாமல் தப்பியது சில ஆண்டுகள் ஓடும். குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து, முப்பது ஆண்டு. மீதி இருபது ஆண்டுக்கு யார் புல் போடுவது?

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு இதன் விடை தெரியும். சில குதிரைகள் வாவிக் கரையில் சவாரிக் குதிரையாகின்றன. சீசனில் காலையிலிருந்து மாலை வரை சுற்றுலாப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். சீசன் முடிந்து மழை தொடங்கினால் வருமானம் இல்லை, அவிழ்த்துவிடுவார்கள். கடைத்தெருவில் குப்பை மேட்டைக் கிளறிக்கொண்டு, பஸ்களுக்கு நடுவே நிற்கும் குதிரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. நாம் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குகிற இரவில் அவை திறந்த வெளியில் நிற்கின்றன. எல்லாச் சொந்தக்காரர்களும் இப்படியென்று சொல்லமாட்டேன். தன் பிள்ளையைப் போலக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற ஏழை லாயக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் தீவனத்துக்குப் பணம் இல்லாததுதான் குறை. பந்தய நாளில் தொப்பியும் கோட்டுமாக வந்து கிண்ணம் கொடுத்தவர்கள் அந்த நேரத்தில் ஊரில் இல்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதில் எழுதிய தண்டப் பணம் நூறு ரூபாய். 1907இல் நூறு ரூபாய் பெரிய தொகை, இன்று அதற்கு இரண்டு பணிஸ் வாங்கமுடியாது. 2006இல் புதிய மிருகநலச் சட்டமூலம் ஒன்று வரையப்பட்டு, ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் கிடந்தது.

நாய்களின் கதை இன்னும் மோசம். மகன் பணம் கட்டுகிற அந்த நாய் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிரேஹவுண்ட் என்பது ஒடுங்கிய இடுப்பும் நீண்ட காலும் உள்ள நாய். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அரபு நாட்டு ஸலூக்கி நாயைப் பார்த்தவர்களுக்கு இது அதன் தூரத்து உறவு போலத் தோன்றும். முயலைத் துரத்துவது அதன் சுபாவம். 1919இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒருவர் தண்டவாளத்தில் ஓடும் இயந்திர முயலை வைத்து வட்டத் திடலில் இந்த நாய்களை ஓடவைத்தார். 1926இல் அது இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தது. குதிரைப் பந்தயத்துக்குப் போக வசதியில்லாத தொழிலாளர்கள் வேலை முடிந்து மாலையில் போகக்கூடிய சூதாக அது பரவியது. ஏழையின் பணத்தைக் குறிவைத்தே வளர்ந்த விளையாட்டு என்பதைக் கவனியுங்கள்.

அந்த நாய் துரத்தும் முயலைக் கடைசிவரை பிடிப்பதே இல்லை. வட்டத் திடலின் வளைவில் முழு வேகத்தில் நாய்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, பின்னங்கால் மூட்டு உடைகிறது. பிரித்தானியாவில் பந்தயத்தை நடத்தும் சபையே வெளியிடும் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட காயங்கள்; திடலிலேயே மாண்ட நாய்கள் நூற்றுக்கு மேல். இது அவர்கள் தாங்களாகச் சொல்லும் எண்ணிக்கை.

காயப்படாத நாய்க்கும் மூன்று, நாலு வயதில் வேலை முடிந்துவிடும். அதன் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். 2006இல் இங்கிலாந்தின் வடக்கே சீஹம் என்ற ஊரில் ஒருவர், ஓட்டம் முடிந்த நாய்களைக் கூலிக்குக் கொன்று தன் நிலத்தில் புதைத்துவந்தது பத்திரிகையில் வெளியாயிற்று. பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நாய்கள். ஒரு நாய்க்குப் பத்துப் பவுண். அவுஸ்திரேலியாவில் 2015இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, பயிற்சிக்காக உயிருள்ள முயலையும் பன்றிக்குட்டியையும் கட்டித் தொங்கவிட்டு நாய்களுக்குக் கொடுப்பதை மறைவாகப் படம்பிடித்துக் காட்டியது. அதன்பின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முன்னாள் நீதியரசர் ஒருவர் விசாரித்துக் கொடுத்த அறிக்கையில், பன்னிரண்டு ஆண்டுகளில் 48,000க்கும் 68,000க்கும் இடைப்பட்ட நாய்கள் வேகம் போதாது என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று கண்டார். அரசு 2016 ஜூலையில் தடை என்று அறிவித்தது. ஒக்டோபரில் வாபஸ் வாங்கிவிட்டது. பணம் இருக்குமிடத்தில் வாக்கும் இருக்கிறது.

மக்காவில் கதையைக் கேளுங்கள். (சீனாவைச் சேர்ந்த மக்காவைச் சொல்கிறேன், நமது புனித மக்காவை அல்ல.) ஆசியாவில் பேர்பெற்ற நாய்ப் பந்தயத் திடல் அங்கே இருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து நாய்களைக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து எந்த நாயும் உயிரோடு வெளியே போவதில்லை என்று பிராணிநேயர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டார்கள். 2018 ஜூலையில் திடல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் மிச்சமிருந்தன. அவற்றுக்கு உலகின் பல நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்தினார்கள். 2020 முடிவோடு அங்கே அது ஓய்ந்தது. நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரிலும், வேல்ஸ் அரசு 2025 பெப்ரவரியிலும் தாங்களும் நிறுத்தப்போவதாக அறிவித்தன. மகன் பணம் கட்டுகிற விளையாட்டை அது பிறந்த நாடுகளே ஒவ்வொன்றாகக் கைகழுவிக்கொண்டிருக்கின்றன.

இதைச் சொல்லும்போது, பார்த்தீர்களா, இது வெள்ளைக்காரன் புத்தி என்று நாம் நிமிர்ந்து உட்காரத் தேவையில்லை. வளைகுடா நாடுகளில் ஒட்டகப் பந்தயத்துக்கு நாலு வயது, ஐந்து வயதுச் சிறுவர்களை ஒட்டகத்தின் முதுகில் கட்டி ஓடவிட்டார்கள். பாரம் குறைவாயிருக்கவேண்டும் என்பதற்காக அந்தக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டையும் குறைத்தார்கள். பங்களாதேஷ், பாகிஸ்தான், சூடான், மொரித்தானியா நாடுகளிலிருந்து விலைக்கு வாங்கியும் ஏமாற்றியும் கொண்டுவந்த பிள்ளைகள். பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். 2005இல் ஐக்கிய அரபு அமீரகம் யுனிசெப் அமைப்போடு உடன்படிக்கை செய்து ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களை ஊருக்கு அனுப்பியது. கத்தார் சுவிட்சர்லாந்துக்காரர்களைக் கொண்டு இயந்திரப் பொம்மைச் சவாரியாளனைச் செய்வித்தது. இன்று ஒட்டகத்தின் முதுகில் அந்தப் பொம்மை உட்கார்ந்து சாட்டையை ஆட்டுகிறது. பிள்ளை தப்பியது. சாட்டை ஒட்டகத்தின் மீது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் கிதாபுகள் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது நமக்கே ஆச்சரியமாக இருக்கும். ஹிஜ்ரி 660இல் வபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், சுல்தானுல் உலமா என்று பெயர் பெற்ற ஷாபிஈ மேதை. மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகள் என்று ஒரு வரிசையே எழுதியிருக்கிறார்கள். தாங்க முடியாத சுமை ஏற்றக்கூடாது. ஒன்றுக்கொன்று தீங்கு செய்யும் பிராணிகளைச் சேர்த்துக் கட்டக்கூடாது. குஞ்சை அதன் தாயின் கண்ணெதிரே அறுக்கக்கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னே அவர்கள் சொல்வது, பிராணிக்குச் செலவு செய்வதைப் பற்றி. வயது முதிர்ந்தோ நோய்ப்பட்டோ, இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்ற நிலைக்கு வந்தாலும் அதற்குத் தீனி போடுவது சொந்தக்காரன் கடமை என்கிறார்கள். நுவரெலியாக் கடைத்தெருக் குதிரைக்கு எழுநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தீனி போடாத சொந்தக்காரனைக் காழி வற்புறுத்துவார், போடு, அல்லது விற்றுவிடு என்று. இது நம் மத்ஹபின் பிரபலமான சட்டம்.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், குதிரைகளுக்குக் கனத்த கடிவாளம் பூட்டவும், முனையில் இரும்பு வைத்த கோலால் குத்தவும் தடைவிதித்துக் கடிதம் எழுதினார்கள். கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்த வாலிபர்களை இப்னு உமர் (ரலி) கண்டபோது, உயிருள்ளதைக் குறியாக வைப்பவரை நபியவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கடிந்தார்கள். அவுஸ்திரேலியாவில் கட்டித் தொங்கிய முயலுக்கும் அந்தக் கோழிக்கும் என்ன வித்தியாசம்?

சரி, நாயிடம் வருவோம். “ஹஸரத், நாய் நஜிஸ் ஆயிற்றே” என்று சிலர் இழுப்பது எனக்குக் கேட்கிறது. ஆம், நம் மத்ஹபில் நாய் கடும் நஜிஸ். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். தேவையில்லாமல் வீட்டுக்குள் நாய் வளர்க்கக்கூடாது. வேட்டை, மந்தை, விளைநிலம் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. இதெல்லாம் சுத்தம் பற்றிய சட்டம். அடிப்பதற்கு உரிமம் கொடுக்கும் சட்டம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான், நாயைக் கண்டால் கல்லெடுக்கும் பிள்ளையை நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், குசினிக் கதவருகே வந்த நாய்மீது சுடுநீரை வீசும் கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. முதுகுத் தோல் உரிந்த நாயை எங்கள் கடைவீதியிலும் நான் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுத் தண்ணீரோ.

நஜிஸ் என்று சொன்ன அதே இமாம்கள் தயம்மும் பாடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு பயணியிடம் உளூச் செய்ய மட்டும் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் தாகத்தில் ஒரு பிராணி. அது தீங்கு செய்யாத நாயாக இருந்தாலும், அந்தத் தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டு இவர் தயம்மும் செய்து தொழவேண்டும். கடித்துக் குதறும் நாய் மட்டுமே இதில் விலக்கு. அரபுக் கல்லூரியில் இதை ஓதியபோது உஸ்தாத் கிதாபை மூடிவிட்டு, இங்கே கொஞ்சம் நில்லுங்கள் என்றது இன்றும் நினைவிருக்கிறது.

பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த, நடத்தை கெட்ட ஒரு பெண்ணைப் பற்றி நபியவர்கள் சொன்ன செய்தி எல்லோருக்கும் தெரியும். தாகத்தால் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்த நாய்க்கு நீர் கொடுத்ததற்காக அவள் மன்னிக்கப்பட்டாள். அவள் எதைக் கொண்டு நீர் இறைத்தாள் என்பது ஒரு அறிவிப்பில் வருகிறது: தன் காலுறையைக் கழற்றி, அதைத் தன் முக்காட்டுத் துணியில் கட்டி இறக்கினாள். குகைத் தோழர்களோடு படுத்திருந்த நாயை அல்லாஹ் குர்ஆனில் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்கிறான். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர், உடையணிந்த பலரைவிட நாய்கள் மேலானவை என்ற கருத்தில் பெயரிட்டு ஒரு நூலே எழுதினார். அந்தப் பெயரை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆகவே சகோதரியின் படியில் கிடக்கும் கிழட்டு நாய்க்குச் சோறு வைப்பது குற்றமில்லை, நன்மை. உலர்ந்த நாய் உலர்ந்த உடையில் உரசினால் நஜிஸாகாது. ஈரம் இருந்தால்தான் கழுவவேண்டும். உடைந்த சட்டியொன்றை வெளியே ஒதுக்கி அதில் வையுங்கள். வீட்டுப் பாத்திரத்தில் வேண்டாம். சிறுத்தை இறங்கும் தோட்டமானால் இரவில் எச்சில் சோற்றை வெளியே விடாதீர்கள். நாயைத் தேடித்தான் சிறுத்தை லயத்துக்கு வருகிறது. பகலில் வைத்து, மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

மகளைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை. பணம் கட்டுவதற்கென்றே கூடும் கூட்டம் அது, மதுவும் கூடவே இருக்கும். ஆசை குதிரையைப் பார்ப்பதுதான் என்றால், கூட்டமில்லாத ஒரு நாள் காலையில் வாவிப் பக்கம் போங்கள். கரட் நாலைந்து கையில் கொண்டுபோங்கள்; நுவரெலியாவில் அதற்குப் பஞ்சமில்லை. சவாரி ஏறுவதானால் குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா, கால் நொண்டுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணிருந்தால் ஏறவேண்டாம், ஏன் ஏறவில்லை என்று குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் மறுநாள் அந்த முதுகுக்கு மருந்து கிடைக்கும்.

மகன் இதுவரை வென்ற பணம் கொஞ்சம் கையில் இருப்பதாகவும், அதில் தங்கைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க நினைப்பதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் அவனுக்குச் சொந்தமில்லை. யாரிடமிருந்து வந்ததென்று தெரிந்தால் அவரிடமே திருப்பவேண்டும். இணையத்தில் கட்டியது என்பதால் அது தெரியப்போவதில்லை. ஆகவே நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்கோ பொதுக் காரியத்துக்கோ கொடுத்து ஒழிக்கவேண்டும். பள்ளிவாசல் உண்டியலில் போடவேண்டாம். தோற்ற பணத்தை மீட்கிறேன் என்று இன்னொரு தடவை கட்டுவதற்கு இடமில்லை, போனது போனதுதான். கைபேசியிலிருந்து அந்தச் செயலியை உங்கள் கண்முன்னே அவனே அழிக்கட்டும். தங்கையின் சப்பாத்துக்கு வாப்பாவின் கடைக் கல்லாவிலிருந்து கொடுங்கள், அவன் மாலை நேரத்தில் கடையில் நின்று அதைக் கழிக்கட்டும்.

வஸ்ஸலாம்.